தொடாதே என்று ஒரு டேக்

பிப்ரவரி 3, திங்கள்

வேலைக்குச் சேர்ந்தாயிற்று. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு கழுத்தில் அடையாள அட்டை. காலையில் மதிக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொடுத்துவிட்டு எனக்கும் ஒன்று கட்டிக்கொண்டேன். அவள் சிரித்தாள். "அம்மா, ரெண்டு பேரும் ஸ்கூலுக்குப் போற மாதிரி இருக்கு" என்றாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண்ணுக்கு வாய் மட்டும் கல்லூரி போய்விட்டது.

இடம் சிறுசேரியில் ஒரு டேட்டா சென்டர். பெரிய மருத்துவமனைக் குழுமம் ஒன்றின் நெட்வொர்க் முழுவதும் இங்கிருந்துதான் ஓடுகிறது. வெளியே இப்போதே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியவில்லை.

மூன்று மாத ஒப்பந்தம். ஏப்ரல் கடைசியில் நிரந்தரமா இல்லையா என்று மேலாளர் ஜெசிந்தா மேடம் சொல்வார். வீட்டிலும் அதே கெடுதான். மதியின் அப்பா மஸ்கட்டிலிருந்து போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "மூணு மாசம் பாரு பொற்கொடி. வேலை நிலைச்சுதுன்னா நீயும் மதியும் அங்கயே இருங்க. இல்லன்னா பரீட்சை முடிஞ்சதும் ரெண்டு பேரும் இங்க வந்துருங்க."

ஏதோ டெண்டர் விட்ட மாதிரி பேசினார். எனக்குப் போக விருப்பமில்லை. கேளம்பாக்கத்தில் ஒன்பது வருஷம் வீட்டில் உட்கார்ந்தாயிற்று. மஸ்கட் போய் இன்னொரு வீட்டில் உட்கார என்னால் ஆகாது. இந்த வேலை எனக்கு வேண்டும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 5, புதன்

என் வேலை என்ன என்று இன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

ஏப்ரல் 6ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மருத்துவமனையின் நெட்வொர்க் பழைய கருவிகளிலிருந்து புதிய கருவிகளுக்கு மாறப்போகிறது. ஒவ்வொரு வார்டுக்கும், ஒவ்வொரு லேபுக்கும் நெட்வொர்க்கில் தனித்தனிப் பாதை. அப்படி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக் போட வேண்டும்: எந்தத் துறை, யார் பொறுப்பு. டேக்கைப் பார்த்துத்தான் ஆட்டோமேஷன், அதாவது தானாக ஓடும் புரோகிராம், அதை எடுத்துப் புது இடத்தில் வைக்கும்.

இப்போது இருக்கிற டேக்குகளைப் பார்த்தேன். அடுக்களையில் 'கடலைப்பருப்பு' என்று ஒட்டின டப்பாவில் ரவை இருக்குமே, அந்தக் கதிதான். வேலையை விட்டுப்போனவர்கள் பெயர், 'டெஸ்ட்', 'டெஸ்ட் புதுசு', 'டெஸ்ட் கடைசி'. ஒன்றில் 'சரி' என்று மட்டும் இருந்தது. யாருக்குச் சரி, எப்போது சரி என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கையால் போட்டால் வருஷம் ஆகும். தானாக டேக் போடுகிற ஒரு சின்ன புரோகிராம், ஸ்கிரிப்ட், எழுதப்போகிறேன். மதி பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் மூன்று வருஷமாக யூடியூப் பார்த்துக் கற்றது இதற்குத்தானே.

மஸ்கட்டுக்குப் போன் போட்டு அவரிடம் சொன்னேன். "டேக் ஒட்டவா? அதுக்கு ஒரு ஆளா?" என்று சிரித்தார். போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

டேக்குகளில் ஒன்று மட்டும் நூற்றுக்கணக்கான இடத்தில் இருக்கிறது. 'தொடாதே'. வேறு விளக்கம் கிடையாது.

முக்கால்வாசி சுடலைமுத்து போட்டது. இந்த டேட்டா சென்டர் திறந்த நாளிலிருந்து இருக்கிறார். திருநெல்வேலிக்காரர், என் வயதுதான் இருக்கும். முகத்தில் எப்போதும் யாரோ செருப்பை மாற்றிப்போட்டுக்கொண்டு போய்விட்ட மாதிரி ஒரு கடுப்பு. இங்கே ஒரு வழக்கமாம்: எங்கேயாவது நெட்வொர்க் படுத்து, அதை யாராவது எழுப்பினால், எழுப்பினவர் உடனே அதன் மேல் 'தொடாதே' போட்டுவிடுவார். படுத்ததையெல்லாம் பெரும்பாலும் எழுப்பியவர் சுடலைமுத்து.

"இதை ஏன் தொடக்கூடாதுன்னு சொன்னீங்கன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"தொட்டா படுத்துக்கிடும் மேடம்."

"ஏன் படுக்கும்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் தொடாதேன்னு போடுதேன்?"

அந்த டேக் உள்ளதையெல்லாம் ஆட்டோமேஷன் விட்டுவிடும், கடைசியில் ஒவ்வொன்றாகக் கையால் மாற்ற வேண்டும் என்று ஜெசிந்தா மேடம் முடிவு செய்திருக்கிறார். நூற்றுக்கணக்கில்! ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடக்கிற காரியமா? மேடத்துக்கும் அது தெரியும். ஆனால் சுடலைமுத்துவைப் பகைத்துக்கொள்ள அங்கே ஒருவருக்கும் தைரியம் இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

தண்ணீர் லாரி வரவில்லை. மாவு புளித்துவிட்டது. ஸ்கிரிப்ட் முதல் தடவையே ஓடிவிட்டது. மூன்றில் ஒன்று நல்லபடியாக நடந்தால் போதும்.

பிப்ரவரி 24, திங்கள்

லேப், மருந்தகம், பில்லிங் மூன்றுக்கும் டேக் போட்டு முடித்தேன். பத்து நாள் வேலை, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் ஓடி முடிந்தது. என்னை நானே முதுகில் தட்டிக்கொண்டேன், வேறு யார் தட்டப்போகிறார்கள்?

சுடலைமுத்து பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். "வேகமாத்தான் போவுது" என்றார். ஆம்புலன்ஸைப் பார்த்துச் சொல்கிற மாதிரி இருந்தது.

சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து அவர் போன். இப்போதெல்லாம் தினமும் பேசுகிறார். முன்பு வாரம் இரண்டு தடவைதான். "இன்னிக்கு எந்த டிபார்ட்மென்ட் முடிஞ்சுது?" என்று கேட்டார். என்ன திடீர் அக்கறையோ. கணக்குப் பார்க்கிறார் போல, முடிப்பேனா மாட்டேனா என்று.

மார்ச் 6, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு முடித்த துறைகள், மிச்சமிருந்த துறைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஓட்டமாக ஓட்டினேன். ஓட்டுவதற்கு முன், எதையும் மாற்றாமல் எது மாறும் என்று மட்டும் காட்டுகிற ட்ரையல் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. 'மாறும், மாறும், மாறும்' என்று திரை நிறைய வரிகள் வந்தன. மாறத்தானே போகிறது என்று வேகமாகக் கீழே தள்ளிவிட்டேன். என் ஸ்கிரிப்டில் நானே எழுதின ஒரு வரி: என் ஃபைலில் இருக்கிற டேக் மட்டும் இருக்கலாம், மற்றதை நீக்கு. 'டெஸ்ட் கடைசி' குப்பைகளைக் கூட்டத்தான் இன்று காலை அதைப் புதிதாகச் சேர்த்தேன்.

குப்பையோடு சேர்ந்து 'தொடாதே' மொத்தமும் போய்விட்டது. ஒன்று பாக்கியில்லை.

மருத்துவமனையில் ஒரு விளக்குகூட அணையவில்லை. டேக் என்பது வெறும் பெயர்தானே, அது போனால் இப்போதைக்கு யாருக்கும் எதுவும் தெரியாது. தெரிவது ஏப்ரல் 6ஆம் தேதி. அன்றைக்கு ஆட்டோமேஷன் வரும், 'தொடாதே' இல்லையே என்று அதையும் எடுத்துப் புது இடத்துக்கு மாற்றும். மாற்றுகிற இரண்டு மூன்று நிமிஷம் அந்த வார்டில் எந்தத் திரையும் வேலை செய்யாது. வார்டில் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்த பேக்கப் இருந்தது. அதிலிருந்து டேக்குகளை மட்டும் பிரித்து எடுத்துத் திரும்பப் போட்டேன். எல்லாம் பழையபடி வந்துவிட்டன. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். ஒரு மனிதருக்கும் தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. பேக்கப் ஞாயிற்றுக்கிழமையோடது. திங்கள், செவ்வாய், புதனில் யாராவது புதிதாக 'தொடாதே' போட்டிருந்தால்? யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிவாகிற லாக்கில் தேடினேன். என் ஸ்கிரிப்ட் எழுதித் தள்ளிய வரிகளில் லாக் நிரம்பி, பழைய வரிகளெல்லாம் அழிந்திருந்தன. கேட்டால்தான் தெரியும். கேட்க வேண்டுமென்றால் சொல்ல வேண்டும்.

வாட்டர் கேன் வரை இரண்டு தடவை போய்வந்தேன். தாகமே இல்லை. பிறகு டீம் குரூப்பில் எழுதினேன்: "என் ஸ்கிரிப்ட் தவறுதலாக எல்லா 'தொடாதே' டேக்கையும் நீக்கிவிட்டது. ஞாயிறு வரை உள்ளதைத் திரும்பப் போட்டுவிட்டேன். திங்கள் முதல் புதிதாகப் போட்டவர்கள் தயவுசெய்து சொல்லவும்."

அனுப்பின பிறகு என் கண்முன்னே மஸ்கட் தெரிந்தது. ஜன்னல், வெயில், ஆள் இல்லாத ஹால்.

சுடலைமுத்து எழுந்து வந்தார். "எத்தனை மணிக்கு ஓட்டினீய?"

"ரெண்டு மணிக்கு."

"வியாழக்கிழமை ரெண்டு மணி ராகு காலம்லா! ஒருத்தர்ட்ட கேட்டு ஓட்டக்கூடாதா?" என்று கத்தினார். பிறகு குரல் இறங்கியது. "செவ்வாக்கிழமை நான் ஒண்ணு போட்டேன். பச்சப்புள்ளைய வார்டு. குறைமாசத்துல பொறந்த புள்ளையளுக்கு மானிட்டர் ஓடுற லைன். அன்னைக்குக் காலைல ஒருக்க விட்டு விட்டு வந்துச்சு."

அந்த ஒன்று என் பேக்கப்பில் இல்லை. உடனே போட்டோம். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

ஜெசிந்தா மேடம் கூப்பிட்டார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"நீங்க குரூப்ல போடலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது மேடம்."

"ம்." பேனாவை மூடித் திறந்தார். "இன்னிலேருந்து உங்களுக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி. எதையும் மாத்த முடியாது. ஸ்கிரிப்ட் எழுதுங்க. ஓட்டுறது சுடலைமுத்து ஓட்டட்டும்."

"நிரந்தரம் பத்தி..."

"அதப்பத்தி இப்ப பேச வேணாம் பொற்கொடி."

வீட்டுக்கு வந்து மஸ்கட்டுக்குக் கூப்பிட்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "அந்தக் குழந்தைங்க வார்டு லைன் சரியாயிடுச்சில்ல? அப்ப விடு. மிச்ச வேலையைப் பாரு" என்றார். இந்த மனுஷரைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

உலகத்திலேயே பெரிய தண்டனை எது என்று கேட்டால் சொல்வேன். ஆட்டோமேஷனைக் கண்டாலே ஆகாத மனிதரிடம் நம் ஸ்கிரிப்டைக் கொடுத்து ஓட்டச் சொல்வது. வரிக்கு வரி கேள்வி.

"இந்த வரி என்னத்துக்கு?"

"ஃபைலைப் படிக்குது."

"படிச்சிட்டு?"

"டேக் போடும்."

"போட்டுட்டு?"

"முடிஞ்சுது."

"அன்னைக்கும் இப்பிடித்தான் முடிஞ்சுதுன்னு நெனச்சிருப்பீய."

மனிதர் கேட்பது எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

மார்ச் 15, சனி

மதிக்குக் காய்ச்சல். கஞ்சி. துணி. கேஸ் தீர்ந்துவிட்டது.

மார்ச் 19, புதன்

இன்றைக்கு ஒரு ஆச்சரியம். சுடலைமுத்து தானாக ஒரு யோசனை சொன்னார். ட்ரையல் ஓட்டும்போது ஏதாவது டேக் நீங்கப்போகிறது என்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்று ஆளைக் கேட்க வேண்டும், கேட்காமல் நகரக்கூடாது என்றார். எனக்கு ஏன் தோன்றவில்லை? அரை மணியில் எழுதிக்கொடுத்தேன். ஓட்டிப் பார்த்தார், நின்றது. இன்னொரு தடவை ஓட்டினார், மறுபடி நின்றது. மூன்றாவது தடவை எதற்கு என்று கேட்டேன். "சும்மா, நல்லாருக்குல்லா" என்றார். முதல் தடவையாக அவருக்குப் பல் இருப்பதைப் பார்த்தேன்.

நானும் சும்மா இருக்காமல் ஒன்று கேட்டேன். வெறும் 'தொடாதே' என்று இருந்தால் அடுத்தவனுக்கு என்ன தெரியும்? ஏன் தொடக்கூடாது, யார் போட்டது, தொடுவதற்கு முன் யாரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், மூன்றையும் டேக்கிலேயே எழுதிவிடலாமே என்றேன்.

யோசித்தார். "எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"அப்ப உக்காந்து பேசணும்" என்றார். பேசணும் என்று அவர் வாயிலிருந்து!

மார்ச் 26, புதன்

ஒரு வாரமாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம். நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். டேக்குக்குப் பின்னால் இத்தனை கலவரமா!

ஒரு புயல் நாளில் ஜெனரேட்டர் நின்று எக்ஸ்ரே போனது. ஒரு தீபாவளியன்று யாரோ கேபிளைத் தட்டிவிட்டார்கள். ஒன்றைச் சொல்லும்போது நிறுத்திவிட்டு டீ வாங்கப் போனார். திரும்பி வந்து, "அன்னைக்கு எம் பொண்டாட்டிக்குப் பிரசவம். நான் இங்கன கேபிளைப் புடிச்சிட்டு நிக்கேன்" என்றார். டீயைக் குடித்தேன்.

பெரும்பாலானவற்றுக்குக் காரணம் எப்போதோ போய்விட்டது. அந்தக் கருவியே இப்போது இல்லை. அப்படி வந்தபோதெல்லாம், "எடுத்துருங்க மேடம்" என்றார். நூற்றுக்கணக்கில் இருந்தது இருபத்துச் சொச்சமாகிவிட்டது. இத்தனை வருஷப் பயத்தில் இவ்வளவுதான் மிச்சம். மாற்றுகிற நாளில் ஆட்டோமேஷனும் இந்த டேக்குகளில் நின்று ஆளைக் கேட்கும்படி ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியில் பிள்ளைகள் வார்டு. காரணம்: குறைமாதக் குழந்தைகளின் மானிட்டர். போட்டவர்: சுடலைமுத்து. கேட்க வேண்டியவர்: வார்டு சிஸ்டர், இன்ன நம்பர்.

வீட்டில் அவர் போனில் இதையெல்லாம் கதை கேட்கிற மாதிரிக் கேட்டார். "அந்த சுடலைமுத்து நல்ல ஆளு" என்றார். பார்க்காமலே சர்டிபிகேட்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். ஜெசிந்தா மேடம் எனக்கு ஒரு நாளைக்கு மட்டும் அனுமதியைத் திருப்பிக் கொடுத்திருந்தார். யார் ஓட்டுவது என்று கேட்டார். சுடலைமுத்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "எழுதினவங்க ஓட்டட்டும். நான் போன் பாத்துக்கிடுதேன்."

ஓட்டினேன். லேப் போனது, மருந்தகம் போனது, பில்லிங் போனது. பச்சை, பச்சை, பச்சை. ஒவ்வொரு 'தொடாதே'யிலும் நின்றது. சுடலைமுத்து அந்தந்த நம்பருக்குப் பேசி, சரி என்றதும் தலையாட்டுவார், நான் அழுத்துவேன்.

பிள்ளைகள் வார்டு வந்தது. போன் ஸ்பீக்கரில் ஒரு சிஸ்டர் குரல், மூச்சு வாங்கப் பேசியது: "இப்ப வேணாம் சார், இப்ப வேணாம். ஒரு கொழந்தைக்கு ஆக்சிஜன் எறங்குது. டாக்டர் வந்துட்டிருக்காங்க. மானிட்டர் போச்சுன்னா..."

"தொட மாட்டோம் சிஸ்டர். நீங்க பாருங்க. நீங்களே கூப்பிடுங்க" என்றார் சுடலைமுத்து.

திரையில் ஸ்கிரிப்ட் கேள்வி கேட்டபடி நின்றது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் பேசாமல் இருந்திருந்தால் இந்த நேரத்துக்கு அந்தத் திரை இருண்டிருக்கும். ஜெசிந்தா மேடம் என்னைப் பார்த்தார். அவரும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோமோ. போன் அடித்தது. "இப்ப பண்ணலாம் சார். கொழந்தை நல்லாருக்கு. கத்துது, கேக்குதா?" கேட்டது. பின்னால் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம்.

அழுத்தினேன். சிஸ்டர் லைனிலேயே இருந்தார். "போச்சு... போச்சு... வந்துருச்சு சார்!"

சுடலைமுத்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். நான் துடைக்கவில்லை, அழுதேன்.

பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. போனை எடுத்துப் பார்த்தால் மஸ்கட்டிலிருந்து அவருடைய ஏழு மெசேஜ். முதல் மெசேஜ் வந்தபோது அங்கே விடிந்தே இருக்காது. தூக்கமே வராதா இவருக்கு?

ஏப்ரல் 9, புதன்

மதிக்குக் கணக்குப் பரீட்சை. சுமாராம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

ஜெசிந்தா மேடம் அறைக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். நிரந்தரம். மே மாதத்திலிருந்து.

"அடுத்து பெங்களூரு டேட்டா சென்டர். அங்கயும் டேக் குப்பைதான்" என்றார். "நீங்களும் சுடலைமுத்துவும் சேர்ந்து பாருங்க. அவரே உங்க பேரைச் சொன்னார்."

எனக்குப் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே வந்தேன். மதியிடம் சொன்னதும் கட்டிலில் ஏறிக் குதித்தாள். கட்டில் உடையும் என்றுகூடச் சொல்லவில்லை.

மஸ்கட்டில் அவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இத்தனை நாளும் வெறும் போன்தான், இன்றைக்கு வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னேன். "ஏய்!" என்று கத்தினார். நிஜமாகச் சந்தோஷப்பட்டார், முகத்தில் தெரிந்தது. "எனக்குத் தெரியும் பொற்கொடி. அந்தக் குழந்தை வார்டு அன்னிக்கே தெரியும்" என்றார். அப்போதுதான் கவனித்தேன், அவருக்குப் பின்னால் இருந்த சுவர் வழக்கமான சுவர் இல்லை. அவர் நான்கு பேரோடு இருக்கிற அறையில் சுவரில் பச்சை பெயின்ட் உரிந்திருக்கும். இது வெள்ளைச் சுவர்.

"எங்க இருக்கீங்க?"

"சும்மா... ஒரு ஃப்ரெண்டு வீடு."

"யார் ஃப்ரெண்டு?"

சிரித்து மழுப்பினார். மதி போனைப் பிடுங்கி, "அப்பா, சுத்திக் காட்டுங்க" என்றாள். அவளிடம் அவருக்கு எப்போதும் மறுக்க வராது. காட்டினார். ஒரு ஹால், அடுக்களை, இரண்டு படுக்கையறை. சின்ன அறையில் ஒரு கட்டிலில் விரிப்புகூட விரித்திருந்தது. வேறு ஆள் யாரும் இல்லை.

"பிப்ரவரில பார்த்து வச்சேன்" என்றார் கடைசியில். "நீங்க வந்தா இருக்கட்டுமேன்னு. நாளைக்குச் சாவியைத் திருப்பிக் குடுத்துடுறேன். ரூமுக்கே போயிடுறேன், ஒண்ணும் பிரச்சினையில்ல."

கிட்டத்தட்ட மூன்று மாதம் அங்கே தனியாக இருந்திருக்கிறார். தினமும் அங்கிருந்துதான் எந்த டிபார்ட்மென்ட் முடிந்தது என்று கேட்டிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. எதற்கு வந்தது என்று தெரியவில்லை, வந்தது. "இவ்ளோ நாளா ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ வந்துருவே" என்றார். "அதான் சொல்லல."

மதி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"சாவியைக் குடுக்காதீங்க" என்றேன். "லீவுக்கு நாங்க வர்றோம். ஜெசிந்தா மேடத்துக்கிட்ட திங்கட்கிழமை கேக்குறேன்."